நாலு கால், ஒரு கொடி, கூரை கிடையாது!

“மேல எப்பங்க ஓடு போடப் போறீங்க?”

பால்காரர் கேட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி கேட்டார். எதிர்வீட்டு அத்தை மூன்று முறை கேட்டுவிட்டார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் வந்த வேலையை விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, “தகர ஷீட்டே போட்டுருங்க, செலவு கம்மி” என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: போட மாட்டோம். மேலே அவ்வளவுதான். வேலை முடிந்துவிட்டது. இதற்குப் பேர் பெர்கோலா.

அதைக் கேட்டதும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! மழைக்கு ஒழுகுவதைக் குறையென்று நினைக்காமல், ஒழுகுவதற்கென்றே ஒன்றைக் கட்டி, அதற்குப் பன்னிரண்டு நாள் ஆசாரிக்குக் கூலியும் கொடுத்த குடும்பத்தை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் எங்களைப் பார்க்கிறது. பார்க்கட்டும். அவர்கள் பார்ப்பது நாலு காலும் இருபத்தொரு சட்டமும்தான். அந்தக் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது, பொருத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது, சட்டம் ஏன் வடக்கு தெற்காக ஓடுகிறது என்பதெல்லாம் எனக்கும் ஆசாரி மாமாவுக்கும் அவருடைய மருமகனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். பன்னிரண்டு நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே நின்று பார்த்தேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கொல்லைப்பக்கம் வாருங்கள், காட்டுகிறேன்.

முதலில் மரத்தின் கதை. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சீப்புப் பல் உதிர்ந்த மாதிரி ஆனதை யாரும் மறக்கவில்லை. எங்கள் கொல்லை வேலியோரம் தாத்தா வைத்த மூன்று தேக்கும் அன்றைக்குத்தான் விழுந்தன. வெட்ட மனசு வராத மரத்தைக் காற்று வெட்டிக் கொடுத்தது. மில்லில் கொடுத்து அறுத்து, மாட்டுக்கொட்டகைக்குள் அடுக்கி வைத்தோம். அடுக்கியது ஆசாரி மாமாதான். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ரீப்பர் துண்டு வைத்து, காற்று உள்ளே நுழைந்து வெளியே போகிற மாதிரி. மரத்தின் இரண்டு முனையிலும் பழைய பெயிண்டை அப்பினார். “முனை வழியாத்தான் மரம் சீக்கிரம் காயும் பாப்பா. நடு ஈரமா இருக்க, முனை மட்டும் காஞ்சா வெடிச்சிரும்” என்றார்.

“எப்ப மாமா எடுக்கலாம்?”

“அங்குலத்துக்கு ஒரு வருஷம்னு கணக்கு.”

காலுக்கு அறுத்து வைத்திருந்தது ஆறுக்கு ஆறு. ஆறு வருஷம்! அந்த ஆறு வருஷத்தில் மாடு போனது, கொட்டகையில் பாதி இடிந்தது, ஒரு நாய் அந்த அடுக்கின் கீழே இரண்டு முறை குட்டி போட்டது. மரம் மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது. போன வருஷம் ஒரு கட்டையைத் தட்டிக் காட்டினார். டங் என்றது. பச்சை மரம் தொப் என்றுதான் சொல்லுமாம்.

மரம் தயார். அதை வைத்து என்ன செய்வது? கட்டில், ஊஞ்சல், பூஜையறைக் கதவு என்று குடும்பத்தில் ஆளுக்கொரு பட்டியல் ஓடியது. நான்தான் ஒரு பத்திரிகையில் பெர்கோலாப் படம் பார்த்து மயங்கிப்போய் அம்மாவிடம் போய் நின்றேன். “அம்மா, கொல்லை நடுவுல சுவரைத் தொடாம நாலு கால் நட்டு, மேல சட்டம் போடலாம்னு இருக்கேன். கொடிக்குத்தாம்மா.”

நான் எதிர்பார்த்தது ஒரு மணி நேரச் சண்டை. அம்மா முகமோ அப்படியே மலர்ந்தது. “கொடிக்கா? செய்யிடி. நானே ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். நல்லா உசரமா இருக்கட்டும்.” இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆசாரி மாமாவுக்கு விளக்குவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. படத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “இது பந்தல்தான?” பந்தல்தான் மாமா, ஆனால் கீற்று வேய மாட்டோம். “இதுக்கு என்னா பேரு?” பெர்கோலா. “என்னா கோலா?” அன்றிலிருந்து வேலை முடிகிற வரைக்கும் அது ‘கோலாப் பந்தல்’ ஆகிவிட்டது. அவர் மருமகன் மட்டும் முதல் நாள் மாலை என்னிடம் வந்து, “அக்கா, வேலை முடிஞ்சதும் குடிக்கக் குடுப்பீங்களா?” என்று கண்ணடித்தார்.

பேர் இத்தாலியிலிருந்து வந்தது. கூரையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல் அதற்குத் தாய். 79-ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பாம்பேய் நகரத்து வீட்டுத் தோட்டங்களில்கூடத் திராட்சைக்கொடி படர இப்படிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இத்தாலிக்காரர்கள் இன்றைக்கும் திராட்சையை மேலே படரவிடும் முறையைப் பெர்கோலா என்றே சொல்கிறார்கள். அதாவது கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பன்னீர் திராட்சை தொங்கவிடுகிறாரே விவசாயி, அவர் இந்த வார்த்தை தெரியாமலேயே ஏக்கர் கணக்கில் பெர்கோலாவுக்குச் சொந்தக்காரர்!

லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு பெர்கோலா இருக்கிறது, அதன் கதையைச் சொல்லாமல் விட மாட்டேன். கட்டச் சொன்னவர் லீவர்ஹியூம் பிரபு. யார் அவர்? நம் வீட்டுக் கிணற்றடிக்குத் தெரிந்த சன்லைட் சோப்பைச் செய்து சம்பாதித்த அதே வில்லியம் லீவர்தான்! 1905-இல் தாமஸ் மாசன் என்ற தோட்டக்கலை வல்லுநரை வைத்து வேலையைத் தொடங்கினார். பெர்கோலாவை உயரத்தில் நிறுத்த மலை மலையாக மண் வேண்டும். அதே சமயத்தில் பக்கத்திலேயே பாதாள ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணை எங்கே கொட்டுவது என்று அவர்கள் முழித்துக்கொண்டிருந்தார்கள். மண் அப்படியே இங்கே வந்து சேர்ந்தது. துணி சோப்பு விற்ற காசில் பெர்கோலா. இந்தத் தகவலை மனதில் வையுங்கள். பின்னால் என் தலையில் வந்து விழப்போகிறது.

நம் பக்கத்துக் கதைக்குப் போனால், படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரையே நிறுத்திவிட்டுப் போன பறம்புமலைப் பாரி இருக்கிறார். ஆசாரி மாமாவுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம்தான். “நம்மாளு ஒருத்தனக் கூப்புட்டுருந்தா ஒரு நாள்ல நாலு காலு நட்டுக் குடுத்துருப்பான். தேரு மிஞ்சியிருக்கும்.”

சரி, வேலைக்கு வருவோம். ஆனி பாதி தாண்டியதும் ஆரம்பித்தோம். ஆடி வந்துவிட்டால் காலை ஊன்ற அம்மா விட மாட்டார். ஈசானிய மூலைக் காலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, குழிக்குள் நவதானியமும் கொஞ்சம் பாலும் விட்டு, கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிற மாதிரியே எல்லாம் நடந்தது. எதிர்வீட்டு அத்தை ஓடிவந்து, “யாருக்குக் கல்யாணம், எங்கிட்டச் சொல்லவே இல்ல!” என்று கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நூல் பிடித்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தப் பன்னிரண்டு நாளில் பிடித்த நாள் அதுதான். நான் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று சொல்லியிருந்தேன். மாமா தலையை ஆட்டிவிட்டு, “ஒம்பதுக்குப் பன்னெண்டாப் போட்டுக்குவோம்” என்றார். ஏன் மாமா, ஒரு அடியில் என்ன வந்தது? பதில் சொல்லவில்லை. நாலு முளை அடித்தார், நூல் கட்டினார், டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து இந்த மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே பிடிக்கச் சொன்னார். பதினைந்து அடி. சரியாகப் பதினைந்து! அடுத்த குறுக்கு? அதுவும் பதினைந்து. கொத்தனார்கள் மூன்று, நாலு, ஐந்து என்று கணக்கு வைத்து மூலை பிடிப்பார்களே, அதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் என்று சொல்லிச் சொல்லி என்னை அழவைத்த அதே ஆள், இங்கே சணல் நூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பத்துக்குப் பன்னிரண்டாகப் போட்டிருந்தால் குறுக்கு பதினைந்து அடி ஏழு அங்குலம், அதற்கு மேலும் ஏதோ பிசிறு. “பிசிறு வந்தா நான் மறந்துருவேன் பாப்பா” என்றார் மாமா. எல்லா மேதைகளும் சோம்பேறிகள்தான்போல.

குழி இரண்டரை அடி. அதில் கான்கிரீட், அதற்கு மேல் கருங்கல். ஆமாம், மரம் மண்ணுக்குள் போகவே இல்லை! நான் என்னமோ கம்பம் நடுகிற மாதிரி நேராகக் குழியில் இறக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். மாமா என்னை வேலியோரம் கூட்டிப்போய் ஒரு பழைய வேலிக்காலைப் பிடுங்கிக் காட்டினார். மண்ணுக்கு மேலே இருந்தது நன்றாக இருந்தது. ஆழத்தில் புதைந்திருந்த நுனியும் ஓரளவு நன்றாகவே இருந்தது. மண்மட்டத்தில், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும், இற்றுப்போய் விரலால் கிள்ளினால் கையோடு வந்தது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று போதாது. மேலே ஈரம் நிற்காது. இரண்டும் கைகோத்துக்கொள்கிற இடம் மண்மட்டம்தான். அதோடு கரையானுக்கும் அதுதான் வாசல். தேக்கின் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது. ஓரத்தில் இருக்கும் வெள்ளையைக் கண்டால் விடாது. அதனால் வெள்ளையைத் துளிகூட விடாமல் வாச்சியால் செதுக்கித் தள்ளினார்.

எங்கள் பழைய வீட்டுத் திண்ணைத் தூண்களும் கல்மேல்தான் நின்றன. முப்பது வருஷம் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்து விளையாடியிருக்கிறேன், காலடியில் ஏன் கல் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. இப்போது புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்று: கான்கிரீட்டிலிருந்து மேலே வரும் தடித்த இரும்புப் பட்டை. மரக்காலை இரண்டு பக்கமும் பிடித்து, போல்ட் போட்டு முறுக்கிவிடுவது. கஜா பார்த்த ஊர் அல்லவா! பாரத்தை மட்டும் நம்பி நிற்க விட முடியாது.

இங்கேதான் என் பெருமைக்குரிய தவறு நடந்தது. மாமாவின் டேப்பில் நுனிக் கொக்கி உடைந்திருந்தது. அதனால் அவர்கள் ஒரு அங்குலத்தைத் தொடக்கமாக வைத்துப் பிடிப்பார்கள். கடைசியில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். “ஒண்ணு விட்டுப் பிடி” என்று மாமா சொன்னார், நான் ஒன்று விட்டுத்தான் பிடித்தேன். எதிர்முனையில் கூட்ட வேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டேன். ஒன்பது அடியில் கோடு போட்டேன். மருமகன் அறுத்தார். ஒரு கால் எட்டு அடி பதினொரு அங்குலம்!

ஆறு வருஷம் காய்ந்த மரம். நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். மாமா ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நாலு குழியையும் சுற்றி வந்தார். கடைசிக் குழியில் கல் இன்னும் பதிக்கவில்லை. “மாப்ள, அந்தக் கல்ல ஒரு இஞ்சு தூக்கி வைங்க.” அவ்வளவுதான்! மருமகனை அவர் எப்போதும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்ணும் புல்லும் மூடிவிட்டதால் இப்போது நீங்கள் வந்து பார்த்தாலும் எந்தக் கால் என்று கண்டுபிடிக்க முடியாது. மேல்மட்டம் நாலும் ஒன்றா என்று பார்க்கத் தண்ணி டியூப் பிடித்தோம். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர், இரு முனையிலும் ஒரே உயரம். கடையில் விற்கிற எந்த மட்டக்கருவியும் இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு மலிவாக உண்மை பேசாது.

கால் நின்றது. மேலே உத்தரம் ஏற்ற வேண்டும். நாலுக்கு எட்டு அங்குலம், பதினான்கு அடி நீளம். தேக்கு கன அடிக்குப் பதினெட்டு கிலோ போல வரும் என்று வைத்தால் ஒரு உத்தரம் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல். சாரம் கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து, “ஏலே, மெதுவா, மெதுவா” என்று ஏற்றியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ஏற்றி முடித்ததும் மாமா செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? காலைப் பிடித்து ஆட்டினார். ஆடியது! என் வயிறு கலங்கிவிட்டது. “ஆடத்தான் செய்யும். வீட்டுச் சுவர்ல சாய்ச்சிருந்தா ஆடாது. நீதான் தனியா நிக்கணும்னுட்டியே” என்றார்.

பிறகு தென்னந்துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்குச்சி உருவி, நூலால் முடிந்து சதுரம் செய்தார். ஒரு விரலால் தள்ளினார், சாய்ந்து படுத்துவிட்டது. ஐந்தாவது குச்சியை மூலையில் குறுக்கே கட்டினார். இப்போது தள்ளு என்றார். தள்ளினேன். அசையவில்லை. முக்கோணத்தின் மூன்று பக்கமும் நீளம் மாறாத வரை அதன் வடிவம் மாற வழியே இல்லை. சதுரத்துக்கு அந்த வைராக்கியம் கிடையாது. அதுதான் ஒவ்வொரு காலிலும் மேலே இரண்டு பக்கமும் சாய்வாக நிற்கும் கைத்தாங்கல். மொத்தம் எட்டு. படத்தில் பார்த்தபோது அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அழகாம் அழகு! அந்த எட்டும்தான் இந்தக் கட்டடத்தின் முதுகெலும்பு.

அதைப் பொருத்திய விதம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன். காலில் ஒரு துளை. கைத்தாங்கலின் முனையில் அந்தத் துளைக்குள் போகிற மாதிரி ஒரு நாக்கு. நாக்கை உள்ளே செருகி, குறுக்கே ஒரு மர ஆணி அடிக்க வேண்டும். ஆணிக்கான ஓட்டையைக் காலில் போட்ட இடத்துக்கு நேராக நாக்கிலும் போட வேண்டியதுதானே? இல்லை! நாக்கில் அரை நூல் தள்ளிப் போட்டார். அரை நூல் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. நான் பதறிப்போய், “மாமா, ஓட்டை நேரா இல்லையே” என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் ஆணி இறங்கும்போதுதான் தெரிந்தது. கொட்டாப்புளியால் ஒவ்வொரு அடி விழும்போதும், விலகி நின்ற ஓட்டை வழியே ஆணி வளைந்து நுழைந்து, நாக்கை உள்ளே உள்ளே இழுத்தது. இரண்டு மரத்துக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளி என் கண் முன்னாலேயே மூடியது. க்ரீச் என்று ஒரு சத்தம் வேறு. எனக்குப் புல்லரித்துவிட்டது. அரை நூல் தவறை வேண்டுமென்றே வைத்து, அந்தத் தவறையே இறுக்கிப் பிடிக்க வைத்திருக்கிறார்! எட்டையும் அடித்து முடித்துக் காலைப் பிடித்து ஆட்டினோம். மருமகன் தொங்கியே பார்த்தார். அசைவே இல்லை.

அடுத்தது சட்டம், அதில்தான் நானும் மாமாவும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். என் கையில் இருந்த படத்தில் சட்டங்கள் கிழக்கு மேற்காக ஓடின. அது இங்கிலாந்துத் தோட்டம். மாமாவோ வடக்கு தெற்காகத்தான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். காரணம் கேட்டால், “சூரியன் எந்தப் பக்கம் போவுது?” என்று எதிர்க்கேள்வி. ராத்திரி உட்கார்ந்து காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. இங்கிலாந்தில் சூரியன் நடுப்பகலில்கூடத் தெற்கே சரிந்துதான் நிற்கும்; அதை மறிக்கக் கிழக்கு மேற்காகச் சட்டம் போட்டால் சரி. நம் ஊரில் சூரியன் வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் பின்பாதியிலும் ஆகஸ்ட் பின்பாதியிலும், உச்சந்தலைக்கு நேராகவே போகிறது. நடுவில் இருக்கிற மாதங்களில் வடக்கே போய்விடுகிறது. ஆனி மாத நண்பகலில் என் நிழல் தெற்கே விழுவதைக் கொல்லையில் நின்றே பார்த்தேன். ஏறக்குறைய கிழக்கிலிருந்து மேற்கே தலைக்கு மேலே நடக்கும் சூரியனுக்குக் கிழக்கு மேற்காகச் சட்டம் போட்டால், அவருக்கு நாம் தண்டவாளம் போட்டுக் கொடுத்த மாதிரி. காலை வெயில் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். குறுக்கே போட்டால்தான் மறிக்கும்.

எவ்வளவு மறிக்கும்? சட்டத்தின் ஆழம் ஆறு அங்குலம், இரண்டு சட்டத்துக்கு நடுவே இடைவெளியும் ஆறு அங்குலம். அப்படியானால் சூரியன் பாதி உயரத்துக்கு, நாற்பத்தைந்து பாகைக்கு, ஏறும் வரை சட்டங்களுக்கு நடுவே ஒரு கீற்று வெயில்கூடக் கீழே வராது. அதாவது காலை ஒன்பது மணி வாக்கு வரை முழு நிழல். பிற்பகல் மூன்றேகாலுக்குப் பிறகு மறுபடி முழு நிழல். நடுவில் வரிநிழல், புலித்தோல் விரித்த மாதிரி. அதை மூடத்தான் கொடி. இந்தக் கணக்கை நான் மாமாவிடம் பெருமையாகக் காட்டியபோது, “அதத்தான நானும் சொன்னேன்” என்று டீயை உறிஞ்சினார்.

சட்டத்தின் முனையில் என்ன வேலைப்பாடு என்பதில் அவருடைய கலை மனசு விழித்துக்கொண்டது. கோயில் தூண் போதிகையில் தொங்கும் வாழைப்பூ மாதிரி ஒன்று செதுக்கிக் காட்டினார். அவ்வளவு அழகு! அரை நாள் ஆயிற்று. இருபத்தொரு சட்டம், நாற்பத்திரண்டு முனை. அம்மா மனக்கணக்குப் போட்டு, “அண்ணே, ஆடி வந்துரும்ணே” என்றார். கிளிமூக்கு மாதிரி ஒரு எளிய வளைவோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஒற்றை வாழைப்பூ வடகிழக்கு மூலையில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. கண்டுபிடிப்பவர்களுக்கு மட்டும் காபி.

நடுவில் அம்மா அடிக்கடி வந்து ஒரு கேள்வி கேட்பார். “ஈரத்தோட நல்ல பாரமா இருக்கும்டி, தாங்குமா?” மழை பெய்தால் கொடி கனக்கும்தான், நல்ல கேள்வி கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். “நூறு கிலோ தொங்குனாலும் தாங்கும் தங்கச்சி” என்று மாமா சத்தியம் செய்தார். அம்மாவுக்கு ஏக திருப்தி.

கடைசி இரண்டு நாள் எண்ணெய். காலின் அடிப்பாகத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். கரேலென்று தார் மாதிரி இருக்கும், கரையான் அண்டாது, நம் தோலும் அண்டக் கூடாது, பட்டால் கொப்புளம். மாமா கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, குச்சியில் துணி சுற்றித்தான் தொட்டார். மேல்பாகத்துக்கு ஆளிவிதை எண்ணெய். தேக்கு அதைக் குடித்ததும் உள்ளே இருந்த தங்க நிறம் மேலே வந்ததே, அதைப் பார்த்து நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழி வேலி தாண்டிவிட்டது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியப் போனேன். மாமா பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டார். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். சுருட்டி வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் துணி தானாகவே பற்றிக்கொள்ளுமாம். தீக்குச்சியே இல்லாமல்!

ஆனி முடிய இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது வேலை முடிந்தது. மருமகனுக்கு வாக்குக் கொடுத்தபடி கோலாவும் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆடிப்பட்டத்தில் தென்மேற்குக் காலடியில் புடலை, தென்கிழக்கில் அவரை ஊன்றினேன். ஈசானியத்தில் இரங்கூன் மல்லிக் கன்று. மாலையில் வெள்ளையாக விரிந்து, அடுத்தடுத்த நாளில் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவந்துபோகும் பூ. புடலைப் பூவும் ராத்திரியில்தான் விரியும், ஓரமெல்லாம் வெள்ளை நூலாகப் பிரிந்து. அதற்கு அந்துப்பூச்சி வரும். அதை உட்கார்ந்து பார்க்க இப்போதே இரண்டு நாற்காலி போட்டுவைத்திருக்கிறேன். காய் வந்ததும் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவோம், நேராக வளர. புடலை இப்போது ஒரு சாண் உயரம். தினமும் காலையில் எழுந்ததும் ஓடிப்போய் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஓடினேன். தென்மேற்குக் காலுக்கும் வடகிழக்குக் காலுக்கும் குறுக்காக, சரியாகப் பதினைந்து அடிக்கு, நீல நைலான் கயிறு. அதில் மூன்று புடவை, ஒரு வேட்டி, ஒரு கனமான பெட்ஷீட். எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் இரண்டு நாற்காலியிலும் தலையணை உறைகள்.

“அம்மா! என்னம்மா இது?”

“ஏண்டி கத்துற? கொடிக்குன்னு நீதான சொன்ன?”

வேலிக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு அத்தை நின்றுகொண்டிருந்தார். ஒரு மாதமாக அவர் முகத்தில் பார்க்காத நிம்மதி. “இதுக்குத்தானா! இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. நல்லா இருக்கு” என்றார்.

அம்மா வேட்டியைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “என்ன நல்லா இருக்கு? மணி எட்டரை ஆவுது, துளி வெயில் உள்ள வரல. அண்ணனக் கூப்புட்டு நடுவுல ரெண்டு சட்டத்த மட்டும் எடுக்கச் சொல்லு.”